காண்டாக்டர் விடுபடும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆவது குறித்து

அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரத்து வயல் மோட்டாருக்காக நீங்கள் அமைத்த ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), ரிலே காண்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்காந்தச் சுவிட்சை) விடுவிக்கும்போதெல்லாம் ரீசெட் ஆகிறது, அதாவது நிரல் முதலிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலில் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு, மெயினை அணைத்துக் காண்டாக்டர் காயிலுக்குச் செல்லும் வயரைக் கழற்றியபின், ரிலேயை மட்டும் இயக்கிப் பாருங்கள். அப்போது ரீசெட் ஆகவில்லையென்றால், காயிலில் மின்னோட்டம் அறுபடும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தத் துடிப்பே காரணம் என்பது ஏறக்குறைய உறுதி.

அதைத் தணிக்க, 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடத்தக்க) கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து, காண்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே, இயன்றவரை குட்டையான வயரில் பொருத்துங்கள். முன்பு ஒருவர் பரிந்துரைத்த டயோடு டிசி காயிலுக்குத்தான் பொருந்தும். 230 வோல்ட் ஏசியில் போட்டால் ஷார்ட் ஆகிவிடும். மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட்டாக இருப்பதும் உண்டு என்பதால், அதன்மேல் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். 415 என்றிருந்தால், 275 வோல்ட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் தாங்காது.

கிணற்று மிதவைச் சுவிட்சின் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பதாகவும் சொன்னீர்கள். அதன் வழியாகவும் துடிப்பு ஆர்டுயினோவுக்குள் புகலாம் என்பதால், அதைப் பிரித்து, ஒரு முழமாவது தள்ளிக் கொண்டுசெல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரீசெட் நீடித்தால், ரிலே பலகையின் ஜேடி-விசிசி ஜம்பரை (ரிலே காயிலின் மின்சாரத்தை ஆர்டுயினோ தரும் மின்சாரத்தோடு இணைக்கும் சிறு இணைப்பானை) கழற்றி, ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள்; அதன் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைக்க வேண்டாம்.