அம்மாவுக்கு லேண்ட்லைன் இன்னும் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில், தம்பி துபாயில். வீட்டில் 30 வருடமாக லேண்ட்லைன் இருக்கிறது, மாதாமாதம் பில் கட்டுகிறோம். அதை எடுத்துவிட்டு நல்ல ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுப்போம், வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்கிறான் தம்பி. அம்மாவோ "எனக்கு அதெல்லாம் பழகாது, இது போதும்" என்கிறார். பில் காசு வீண்தானா?

பதில்: வீண் இல்லை. அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அதே சமயம் அந்தப் போனை மட்டும் நம்பி அம்மாவைத் தனியாக விட்டிருக்கவும் வேண்டாம்.

கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம், இல்லையா? இப்போது பல வீடுகளில் அது உண்மை இல்லை. பழைய செம்புக் கம்பி இணைப்பு என்றால் சரி. போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்துவிடும், அதனால் தெருவே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபர் அப்படி இல்லை. அது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டி நம் வீட்டு கரண்டில் ஓடுகிறது, கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும், போனும் ஊமையாகிவிடும். செம்பை ஃபைபராக மாற்றும் வேலை பல ஊர்களில் நடக்கிறது. நம்பர் அதேதான், சில வீடுகளில் போன் கருவியும் அதேதான். அதனால் பெரியவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரிவதில்லை.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, போனுக்குப் பின்னால் போகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். சுவரில் உள்ள சின்ன ரோசட் பெட்டியில் போய் முடிந்தால் செம்பு. விளக்கு மின்னுகிற பெட்டியில் செருகியிருந்தால் ஃபைபர். ஃபைபர் என்றால் அந்த மோடத்துக்கென்றே குட்டி யு.பி.எஸ். விற்கிறார்கள், அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து (பெரும்பாலும் 12) அதற்குப் பொருந்துவதை வாங்கி வையுங்கள், சில மணி நேரம் தாங்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாளில்தான் உங்களுக்கு அம்மா குரலைக் கேட்க வேண்டியிருக்கும், அந்த மாதிரி நாளில்தான் கரண்டும் இருக்காது.

செம்பு என்றால் வேறொரு தொல்லை, அது நம் கரைக்கே உரியது. என் பெரியம்மா வீடு பெரியபட்டினத்தில், கடலுக்கு நடந்து போகிற தூரம். ஐப்பசி பிறந்தால் போதும், போனில் கர்ரென்று இரைச்சல் ஆரம்பித்துவிடும், எதிரில் பேசுகிறவர் மகனா மருமகனா என்றே தெரியாது. ஒரு தடவை லைன்மேன் வந்து ரோசட்டின் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கம்பி முனையிலும் பச்சைப்பசேலென்று களிம்பு பூத்திருந்தது, திருப்புளி பட்டதும் ஒரு முனை ஒடிந்து கையோடு வந்துவிட்டது. எல்லாம் உப்புக்காற்று. முனைகளை நறுக்கிவிட்டு, ஒயரைப் புதிதாகச் சீவி, திருகாணியை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார், பத்து நிமிட வேலை. பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரைக் காதில் வைத்து, யாருக்கும் போன் போடாமல், அந்த டோனை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "வந்துருச்சு" என்றார். உங்கள் அம்மா "இது போதும்" என்று சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. மணி அடித்தால் அடுக்களை வரைக்கும் கேட்கும், வைத்த இடத்திலேயே இருக்கும், சார்ஜ் போட வேண்டாம், எடுத்தால் பேசலாம். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்து போயிருக்கும், தொடுதிரை பல நேரம் அந்த விரலைக் கண்டுகொள்ளாது, அவர்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு அம்மா ஏன் எடுக்கவில்லை என்று பதறுவோம்.

ஆனால் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால்? கூடத்து மூலையில் இருக்கும் போனால் அப்போது ஒரு பயனும் இல்லை. அதனால் அதோடு கூட ஒரு கீபேட் போன் கட்டாயம் வேண்டும், கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. பட்டன் பெரிதாக, சத்தம் பலமாக, ஆபத்துக்கு அழுத்தும் எஸ்.ஓ.எஸ். பட்டன் உள்ளதாகப் பாருங்கள். கடையில் மலிவாக இருக்கிறதே என்று 2ஜி மட்டும் உள்ள மாடலை வாங்கிவிட்டு, ஜியோ சிம்மைப் போட்டு 'டவரே இல்லை' என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஜியோவில் 2ஜி கிடையாது. 4ஜி, வோல்ட்இ (VoLTE, 4ஜியிலேயே பேசும் வசதி) என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டேட்டாவுக்குப் பணம் கட்டவும் தேவையில்லை, போன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவுக்குப் பிறகு பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று ஆகிவிட்டது, பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். லேண்ட்லைனுக்கு வராது, அதற்கும் இந்த சிம்தான். ஆதார், பேங்க் இரண்டிலும் அம்மாவுடைய இந்த நம்பரையே கொடுங்கள். பல வீடுகளில் மகன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அம்மா பேங்கில் கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார், ஓ.டி.பி. துபாய்க்குப் போயிருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் முன்னால் 0 போட வேண்டும். பல பெரியவர்களுக்கு இது இன்னும் தெரியாது, நம்பர் போகவில்லை, போன் கெட்டுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் நம்பரையும் தம்பி நம்பரையும் கட்டை மார்க்கரில் ஒரு அட்டையில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டுங்கள், உங்கள் நம்பருக்கு முன்னால் 0, தம்பியுடையது துபாய் நம்பர் என்றால் 00971. அதோடு 108, 112. பக்கத்து வீட்டு நம்பரும் இருக்கட்டும், நீங்கள் திருப்பூரிலிருந்து கிளம்பி வருவதற்குள் அவர்கள்தானே ஓடி வரப்போகிறார்கள்.

ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளை முகம் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்று ஒன்று வீட்டில் இருக்கட்டும், அவசரத்துக்கு அதை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கீழக்கரை. எங்கள் வாப்பாவுக்கு 81 வயது. லேண்ட்லைன் மழைக்கு மழை பழுது. லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், சிம் போட்டுப் பேசுகிற மேசை போன் ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ரிசீவர், பட்டன் எல்லாம் பழைய போன் மாதிரியே இருக்கும், உள்ளே பேட்டரியும் இருப்பதால் கரண்ட் போனாலும் பேசலாம். இதிலும் 2ஜி மட்டும் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், மேலே சொன்ன அதே எச்சரிக்கைதான். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா, அது கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன்னால், வாப்பா உட்காருகிற இடத்தில் எந்த சிம்முக்கு டவர் நன்றாக எடுக்கிறது என்று உங்கள் மொபைலை வைத்து ஒரு நாள் பாருங்கள். கனமான பழைய சுவருள்ள வீடுகளில் வாசலில் நாலு கோடு காட்டும், உள் அறையில் ஒன்றுகூட இருக்காது.

கேள்வி: ராமேஸ்வரம். அப்பா தவறிவிட்டார், லேண்ட்லைனை ஒப்படைக்கப் போகிறோம். கட்டிய டெபாசிட் கிடைக்குமா?

பதில்: பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இணைப்பு அப்பா பெயரில் என்பதால் இறப்புச் சான்றும் வாரிசுக்கான ஆவணமும் கேட்பார்கள், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கருவி அவர்கள் கொடுத்தது என்றால் அதையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கு முன்னால் அப்பாவுடைய டைரியை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அந்த 04573 நம்பரை மட்டுமே தெரிந்த பழைய சிநேகிதர்கள் இருப்பார்கள், விஷயத்தை அவர்களுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, உங்கள் மொபைல் நம்பரையும் கொடுத்துவிட்டுப் பிறகு லைனை எடுக்கச் சொல்லுங்கள்.