கையால் வரைந்த நகல் ஓவியத்துக்கும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: நவீன ஓவியர்களின் புகழ்பெற்ற உருவப்படங்களை ஆயில் பெயின்டில் வரைந்து இணையச் சந்தையில் விற்கிறேன், வாங்குபவர்கள் பல நாட்டினர். பிக்காசோவின் 'அழும் பெண்' (1937) நகலை விற்பனைக்கு வைத்ததும், ஓவியர்களின் பதிப்புரிமையைக் கவனிக்கும் அமைப்பு ஒன்றின் புகாரால் அந்தப் பக்கம் முடக்கப்பட்டது. இழப்பீடும் உறுதிமொழிக் கையெழுத்தும் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் பிரிண்ட் போடவில்லை. அளவையும் நிறத்தையும் மாற்றித்தான் வரைந்தேன். இது எப்படித் தவறாகும்? இன்னொருவர் மோடிக்லியானி நகலில் அவருடைய கையெழுத்தையும் போட்டுத் தரச் சொல்கிறார். போடலாமா?

பதில்: உங்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் படத்தை மறுஆக்கம் செய்யும் உரிமை பதிப்புரிமை உள்ளவரிடம் இருக்கிறது. அச்சு, தூரிகை என்று சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று ஓவியர்கள் சொல்லிக்கொள்வதற்கு எந்தச் சட்டத்திலும் ஆதாரம் கிடையாது. அந்த முகமும், உடைந்த கோடுகளும், கைக்குட்டையைக் கடிக்கும் பல்லும் அடையாளம் தெரிந்தால் அது நகல்தான். மூலப்படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகம் அனுமதித்தாலும் போதாது. கேன்வாஸ் ஒருவர் கையிலும் பதிப்புரிமை இன்னொருவர் கையிலும் இருப்பது சாதாரணம்.

முதலில் பார்க்க வேண்டியது ஓவியர் இறந்த ஆண்டு. அடுத்து, படம் போய்ச் சேரும் நாடு. பிக்காசோ 1973-இல் இறந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிப்புரிமை இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள்; அதாவது 2043 முடியும்வரை. ஸ்பெயினில் 1987 டிசம்பர் 7-க்கு முன் இறந்தவர்களுக்கு 80 ஆண்டுகள் என்பதால் அங்கே 2053 வரை போகும். இந்தியாவில் 60 ஆண்டுகள், 2033 வரை. ஆகவே உங்களுக்கு வந்த புகாரை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க முடியாது.

மோடிக்லியானி (இறப்பு 1920), க்ளிம்ட், ஷீலே (இருவரும் 1918), அமிர்தா ஷெர்கில் (1941) ஆகியோரின் படங்கள் இந்த 60, 70 ஆண்டுக் கணக்குகளில் பொதுச்சொத்து, அதாவது பதிப்புரிமை முடிந்தவை. மத்தீஸும் ஃபிரிடா காலோவும் 1954-இல் இறந்தவர்கள். 70 ஆண்டுக் கணக்கு 2024-ஓடு முடிந்தது. ஆனால் காலோவின் பெயர் டிரேட்மார்க்காகப் பதிவாகியிருக்கிறது. 'காலோவின் இன்ன படத்தின் நகல்' என்று விவரிப்பது ஒன்று. அந்தப் பெயரையே உங்கள் கடைக்கு வைப்பது வேறு.

பலரும் சறுக்குவது அமெரிக்காவில். அங்கே 1978-க்கு முன் வெளியான படங்களுக்கு இறந்த ஆண்டுக் கணக்கு செல்லாது. வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் என்பதே பொதுவான அளவு. கண்காட்சியில் சுவரில் மாட்டியது மட்டும் 'வெளியீடு' ஆகாது. எனவே வரைந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். படம் முதன்முதலில் அச்சாகி வெளிவந்த ஆண்டைத் தேடுங்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். 'அழும் பெண்' நகலின் விற்பனையை எல்லாத் தளங்களிலும் நிறுத்துங்கள். கையில் உள்ள நகல்களை அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். விற்ற எண்ணிக்கை, தொகை, அனுப்பிய நாடுகள் இவற்றைத் தனியே குறித்து வையுங்கள். பிக்காசோ வாரிசுகளின் சார்பில் பேச அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு ஆவணம் கேளுங்கள். இழப்பீட்டை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். ஒரே ஒரு கேன்வாஸ் விற்றவரிடம் ஆயிரம் போஸ்டர் அச்சடித்தவருக்கான உரிமக் கட்டணத்தைக் கேட்பது நியாயமில்லை, பேசிக் குறைக்கலாம்.

உறுதிமொழியை அப்படியே கையெழுத்திடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வரி, 'இந்த ஓவியரின் எந்தப் படத்தையும் என்றைக்கும்' என்ற வரி, மீறினால் தண்டத்தொகை என்ற வரி, இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். முதலாவதை நீக்கச் சொல்லுங்கள். இரண்டாவதை, குறிப்பிட்ட படம், பதிப்புரிமை உயிரோடு இருக்கும் காலம், நாடு என்று சுருக்கச் சொல்லுங்கள். மூன்றாவதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் ஏற்காதீர்கள். பக்கத்தை முடக்கியது தவறு என்று தளத்தில் எதிர்மனு அனுப்பும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தவும் வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அது பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்ட வாக்குமூலம். அந்நாட்டு நீதிமன்ற அதிகார வரம்பையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும். மோடிக்லியானி படத்தைத் தவறாக நீக்கினால் எதிர்மனு போடலாம். 'அழும் பெண்'ணுக்கு வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: போடாதீர்கள். படம் பொதுச்சொத்தாக இருந்தாலும், மூலம் என்று நம்பவைக்கும் கையெழுத்து மோசடி வழக்குக்கு இடம் கொடுக்கும். மோடிக்லியானி பெயரில் போலிகள் ஏராளம் என்பதால் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகல் எடுப்பவர்கள் மூல அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டியோ குறைத்தோதான் வரைய வேண்டும்; கையெழுத்தையும் நகலெடுக்கக் கூடாது. நீங்களும் அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். 'நகல்', மூல ஓவியர், வரைந்தவராக உங்கள் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கேன்வாஸின் பின்புறத் துணியிலேயே அழியாத மையால் எழுதுங்கள். மரச்சட்டத்தில் எழுதினால் அந்த மரத்தை மாற்றும்போது எழுத்தும் போய்விடும். பின்னால் புதுத் துணி ஒட்டினால் அந்த எழுத்தும் மறையும். அதனால் முன்பக்கம் கீழ் ஓரத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். பில்லிலும் விற்பனைப் பக்கத்திலும் 'கையால் வரைந்த நகல்' என்றே எழுதுங்கள். 'ஒரிஜினல் ஆயில்' என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது. வாடிக்கையாளர் அதன் பிறகும் வற்புறுத்தினால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏன் மறுத்தீர்கள் என்பதை எழுத்தில் அனுப்பி வையுங்கள்.