விட்டுக்கொடுத்த தோசை யாருக்குப் போகிறது?

செல்லப்பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய் வந்திருப்பதால் எட்டுக் கிலோவாவது எடை குறைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு ஆறு வயது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்திருக்கிறோம். தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது, 41 கிலோ இருக்கிறான், 31 கிலோவுக்கு வர வேண்டும் என்றார்கள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினோம். ஆறு வாரத்தில் நான் இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். அவனோ அரைக் கிலோ கூடியிருக்கிறான். அவனுடைய சாதத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். முன்பு நான் சாப்பிட்ட கடைசித் தோசையை மட்டும் இப்போது அவனுக்குக் கொடுக்கிறேன். எதிரே உட்கார்ந்து தட்டையே பார்க்கிறான், மனம் கேட்பதில்லை. அவனுக்கு உண்மையிலேயே பசிக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மையிலேயே பசிக்கக்கூடும் அம்மா. நாய் நடிக்கிறது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் நாயின் இனத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு உணர்த்தும் வேதிப்பொருள்கள் சில இந்த மரபணுவின் வழியாகத்தான் உருவாகின்றன. அந்தத் துண்டு இல்லாத நாய்களுக்கு இரண்டு வேளை உணவுக்கு நடுவில் பசி கூடுதலாக எடுப்பதும், அவை ஓய்வாகப் படுத்திருக்கும்போது மற்ற நாய்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான சக்தியையே செலவிடுவதும் 2024-இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தன. அதாவது, அதிகம் பசிக்கும் உடல்தான் குறைவாகவும் செலவழிக்கிறது. இதற்கு மேல், கருத்தடை அறுவைக்குப் பிறகு பெரும்பாலான நாய்களுக்கு உணவுத் தேவையே குறைந்துவிடுகிறது.

ஆகவே அவன் பார்வையைப் பொய் என்று நினைத்து மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பசிக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தக் கடைசித் தோசையைப் பற்றியது. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீட்டில் ஒருவர் உணவைக் குறைக்கத் தொடங்கியதும் அந்த வீட்டு நாயின் எடை கூடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பண்டத்தை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது குப்பைக்குப் போகாமல் நாயின் தட்டுக்குப் போய்விடுகிறது. நீங்கள் பட்ட சிரமமெல்லாம் அவன் உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்தால், அது உங்கள் இருவருக்குமே நியாயமாகாது.

கணக்கைப் பாருங்கள். 31 கிலோ எடையுள்ள நாய் ஓய்வில் இருக்கும்போது அதன் உடலுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 920 கலோரி. எடை குறைக்கும் காலத்தில் நாள் முழுவதற்கும் அந்த அளவில்தான் தொடங்குவோம். எண்ணெய் விட்டுச் சுட்ட ஒரு தோசை நூறு கலோரிக்குக் குறையாது. குளுக்கோஸ் பிஸ்கட் நான்கும் ஏறக்குறைய அதே அளவுதான். முதன்மை உணவைத் தவிர இடையில் கொடுப்பவை எல்லாம் சேர்ந்தே நாளின் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தில் பொதுவான வரையறை. உங்கள் ஒரு தோசையிலேயே அந்தப் பங்கு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டிலுள்ள மற்றவர்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிஸ்கட் போட்டால், ஒவ்வொருவரும் தாம் கொஞ்சம்தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே அவனுக்கு உணவு அளந்து வைப்பது ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். கிண்ணத்தால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்து வையுங்கள். மற்றவர்களுக்கும் கொடுக்க ஆசையிருந்தால், அந்த நாளின் பங்கிலிருந்து ஒரு கைப்பிடியைக் காலையிலேயே டப்பாவில் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். சாதத்தைப் பாதியாக்கியது சரியான எண்ணம்தான் என்றாலும், இருக்கும் உணவையே வெறுமனே பாதியாக்கினால் புரதமும் தாதுக்களும் சேர்ந்து குறைந்து, கொழுப்புக்குப் பதில் தசை கரையும். எடைக் குறைப்புக்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டித் தயாரித்த உணவை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். வீட்டுச் சமையல்தான் என்றால், எவ்வளவு இறைச்சி, எவ்வளவு முட்டை என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த உணர்வுக்கு உப்பும் தாளிப்பும் இல்லாமல் வேகவைத்த சுரைக்காய், பீன்ஸ், பூசணி, பச்சையாக வெள்ளரித் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இம்மூன்றும் ஒரு துணுக்குக்கூட வேண்டாம்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைந்தால் போதும். உங்கள் நாய்க்கு அது முதலில் நானூறு கிராம் அளவில் இருக்கும்; 31 கிலோவைத் தொட ஆறேழு மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். இரண்டு மாதம் உண்மையாகவே கட்டுப்பாட்டோடு இருந்தும் முள் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை தேவை. வலிப்புக்கோ தோல் அரிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவற்றுள் சில பசியைத் தூண்டுபவை.

இத்தனை சிரமம் தேவையா என்று மனம் தளரும் நாளில் ஓர் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவுகளின்படி, குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டே நம்மோடு இருக்கும் ஓர் உயிருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு பெரிது!

நடையைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. சிகாகோவில் நடந்து 2006-இல் வெளிவந்த ஓர் ஓராண்டு ஆய்வில், நாயோடு சேர்ந்து எடை குறைக்க முயன்றவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடும் அவர்களுடைய நாய்கள் ஏறத்தாழ 15 விழுக்காடும் குறைந்தார்கள். நாய்க்குக் கூடுதலாகக் குறைந்ததற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது: அதன் தட்டு பிறர் கையில் இருக்கிறது. தஞ்சாவூர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். இந்த எடையில் அவனை ஓட விடாதீர்கள், மூட்டு தாங்காது. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அவன் பங்கை வேறோர் அறையில் தரையெங்கும் தூவிவிட்டால், மோப்பம் பிடித்து ஒவ்வொன்றாகத் தேடி உண்பான். அந்தப் பார்வையிலிருந்து உங்களுக்கும் விடுதலை கிடைக்கும்.

கேள்வி: எங்கள் வீடு சைவம். 6.8 கிலோ எடையுள்ள பூனைக்குத் தயிர்சாதமும் பாலும் கொடுக்கிறோம். நான் விரதம் இருக்கும் நாள்களில் அதையும் பட்டினி போட்டால் எடை குறையுமா?
– வாசகர், சென்னை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே உடலின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து குவிந்து, மஞ்சள்காமாலையோடு உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு அது முரண்டு பிடித்து உண்ண மறுத்தால் நீங்கள் அந்த எல்லையை நெருங்கிவிடுவீர்கள். பூனைக்கு வாரம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் எடை குறைய வேண்டியதில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது தயிர்சாதம். பூனை இறைச்சியை உண்டே வாழும்படி அமைந்த உயிர். டாரின் என்னும் அமினோ அமிலத்தைத் தேவையான அளவு அதன் உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்பார்வை மங்கும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1980-களிலேயே தெளிவாகிவிட்டது. உங்கள் நெறியை நான் மதிக்கிறேன். சமையலறையில் இறைச்சி சமைக்க மனமில்லை என்றால், பூனைக்கென்றே தயாரித்த முழுமையான டப்பா உணவை அதற்கெனத் தனித் தட்டில் வையுங்கள். பத்து நாள்களுக்குள் மெல்ல மெல்லப் பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். இதயத்தையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாயின் விலா எலும்பு தெரிகிறது. நாங்கள் அதைப் பட்டினி போடுவதாகத் தெருவில் பேசுகிறார்கள். உணவைக் கூட்டலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: அது முயலைத் துரத்தப் பிறந்த நாய். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அந்த இனத்துக்கு இயல்பு. தெருவில் பேசுவதற்காக ஒரு கவளமும் கூட்டாதீர்கள். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாகத் துருத்திக்கொண்டு, தொடைச் சதை கையில் அகப்படாமல் போனால் மட்டும் குடற்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்யுங்கள்.