கனடாவில் கிரெடிட் ஸ்கோர் இல்லாமல் வாடகைக்கு வீடு கிடைக்குமா?

கேட்டவர் அடுத்த மாதம் குடும்பத்தோடு டொராண்டோ வருகிறார். பார்க்கிற விளம்பரத்தில் எல்லாம் கிரெடிட் ரிப்போர்ட் கட்டாயம் என்று போட்டிருக்கிறதாம். இந்தியாவில் வாங்கிய சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) 790 இருக்கிறது, அதைக் காட்டினால் போதுமா என்கிறார்.

காட்டலாம், ஆனால் பெரும்பாலான ஓனர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே கடன் வரலாற்றைப் பதிவு செய்து ஸ்கோர் போடுவது ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள். கனடாவில் நீங்கள் எடுத்த கார்டு, கடன் போன்றவைதான் பெரும்பாலும் அவர்கள் ஏட்டில் ஏறும். சிபிலும் டிரான்ஸ்யூனியன் குடும்பம்தான், அளவுகோலும் அதே 300 முதல் 900 வரைதான். ஆனாலும் அந்தக் கணக்கு தானாக இங்கே வந்து சேராது.

நான் வந்தது 2018 பிப்ரவரியில். முதல் ஏஜென்ட் என் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிப் பார்த்துவிட்டு 'நோ ஹிட்' என்றார். என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்கிறார் போல என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அப்படி ஒரு ஆளே ஏட்டில் இல்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்தடுத்து நான்கு வீடுகள் கைவிட்டுப் போயின.

கடைசியில் கிடைத்தது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் அடித்தளப் பகுதி). யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் வீடு. வேலைக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சென்னை ஓனர் கையால் எழுதிக் கொடுத்த கடிதத்தைத்தான் அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். மூன்று வருடம் இருந்தார்கள், வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான் அதில். "தம்பி, இது நீங்களே எழுதினதில்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு அங்கேயே போனைப் போட்டார். இங்கே இரவு எட்டு, சென்னையில் காலை ஆறரை. ஓனர் மாமா தூக்கக் கலக்கத்தில் எடுத்து, நான் மோட்டாரை அணைக்க மறந்து மொட்டை மாடியெல்லாம் தண்ணீர் ஓடிய கதை வரை சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து வந்தார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓனர் கிரெடிட் ரிப்போர்ட் கேட்கலாம், தப்பில்லை. முன்பு வாடகைக்கு இருந்த விவரமும் கேட்கலாம். ஆனால் சம்பளத்தை மட்டும் தனியாகக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, மற்றதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிரெடிட் வரலாறே இல்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மாகாண மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. கெட்ட ஸ்கோர் வேறு, ஸ்கோரே இல்லாதது வேறு. நடைமுறையில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, காரணம் சொல்லாமலே உங்களைத் தட்டிக்கழிக்க முடியும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஸ்கோர் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடு என்பார்கள். நம்மூர் அட்வான்ஸ் பழக்கத்தில் நமக்கு அது பெரிதாகத் தோன்றாது. இங்கே கடைசி மாத வாடகைக்கென்று ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்பது சட்டப்படி தவறு, அதற்கும் வருடா வருடம் வட்டி தர வேண்டும். சேதத்துக்கென்று தனி டெபாசிட்டும் கிடையாது. ஒன்று கவனியுங்கள்: ஓனரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் வீடாக இருந்தால் இந்த வாடகைச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், விண்ணப்பத்தில் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண்) கேட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அது இல்லாமலே ரிப்போர்ட் எடுக்க முடியும்.

இப்போது நானே என் வீட்டுப் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுகிறேன். ஆமாம், ரிப்போர்ட் கேட்கிறேன், கொஞ்சம் கூச்சத்தோடு. ஸ்கோரை அதிகம் பார்ப்பதில்லை. கட்டாமல் விட்ட போன் பில் மாதிரி எதுவும் வசூல் ஏஜென்சிக்குப் போயிருக்கிறதா என்று பார்ப்பேன். பத்து வருடம் தவறாமல் வாடகை கட்டியவருக்குக்கூட அது பெரும்பாலும் ரிப்போர்ட்டில் ஏறியிருக்காது. பழைய ஓனரிடம் இரண்டு நிமிடம் பேசினால் அதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், அதில் அவர் போன் நம்பரும் இருக்கட்டும். காலை ஆறரைக்கு இங்கிருந்து போன் வந்தாலும் வரும் என்று அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.