ஒரே முகூர்த்தத்தில் என் கல்யாணமும் அவள் கல்யாணமும்

மதிப்பிற்குரிய மேடம்,

என் ஊர் குன்னூர். எனக்கும் என் தோழிக்கும் எல்.கே.ஜி. முதல் பழக்கம். அவள் வீடு அரவங்காட்டில். பள்ளி, கல்லூரி எல்லாம் ஒன்றாகவே போனோம். ஒருத்தி கல்யாணத்தில் இன்னொருத்தி பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது சின்ன வயதில் பேசி வைத்தது.

இப்போது இரண்டு பேருக்கும் வைகாசியில், ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். எனக்குக் குன்னூரில், முந்தின நாள் மாலை வரவேற்பு. அவளுக்கு மாப்பிள்ளை ஊரான மேட்டுப்பாளையத்தில். வரவேற்பு கல்யாணத்தன்று மாலை. என் தேதிதான் முதலில் முடிவானது. அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அப்படியும் கொஞ்ச நாள் கழித்து அவர்கள் வீட்டில் அதே தேதியைக் குறித்துவிட்டார்கள். "மாமனார் வீட்டு ஜோசியர் பார்த்தது, நான் என்னடி செய்ய?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. நான் பேசி வைத்திருந்த மேக்கப் அக்காவை அவள் புக் செய்துவிட்டாள். பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் முந்திக்கொண்டு பத்திரிகை போட்டாள். யார் எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்று தோழிகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். என் பெரியம்மா இரண்டு முகூர்த்தப் புடவையின் விலையையும் விசாரித்துக்கொண்டு வந்து சொல்கிறார்.

கல்லூரி நாட்களில் நாங்கள் இருவரும் ‘பிரைட் வார்ஸ்’ படம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரே நாளில் கல்யாணம் வைத்துக்கொண்ட உயிர்த்தோழிகள், ஒருத்தி தலைமுடி நீலமாகவும் இன்னொருத்தி உடம்பு ஆரஞ்சாகவும் மாறும் அளவுக்குச் சண்டை போடுவார்கள். போன வாரம் தனியாக அதைப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. அவள் நன்றாக இருக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவளுடைய மண்டபம் என்னுடையதைவிடப் பெரிது என்று கேட்டதும் நெஞ்சு எரிந்தது. வேறு யார் கல்யாணத்திலும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை. நான் பொறாமைக்காரியா? இந்த நட்பை விட்டுவிடலாமா?

— குன்னூர் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வேறு யார் கல்யாணத்திலும் இப்படித் தோன்றியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆப்ரகாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்து 1988-ல் விரிவாக எழுதினார். தூரத்துச் சொந்தம் எவ்வளவு பெரிய மண்டபம் பிடித்தாலும் நமக்கு வலிக்காது. மிக நெருங்கியவர், அதுவும் நமக்கு முக்கியமான விஷயத்திலேயே, நம்மைவிட ஒரு படி மேலே போனால்தான் சுருக்கென்று குத்தும். அப்படிக் குத்தும்போது, வலி குறைவதற்காக மனம் அந்த ஆளிடமிருந்தே விலகப் பார்க்கும் என்றும் அவர் சொல்கிறார். நட்பை விட்டுவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றுவது அங்கிருந்துதான். அதனால் நீங்கள் கெட்டவள் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் அந்த நினைப்பை நம்பி இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

2009-ல் வந்த அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். முடி நீலமாவதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நியூயார்க் பிளாசா ஹோட்டலில் தேதி மோதியதற்குக் காரணம் கல்யாண ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் நடந்த குளறுபடி. இரண்டு பெண்கள் மீதும் தப்பில்லை. அதற்குப் பிறகு, மற்றவள் தேதியை மாற்றிக்கொள்வாள் என்று இருவரும் வாய் திறக்காமல் காத்திருக்கிறார்கள். ஆன் ஹாத்வே நடித்த எம்மா எப்போதும் விட்டுக்கொடுத்தே பழகியவள். கேட் ஹட்சன் நடித்த லிவ் நினைத்ததைச் சாதித்தே பழகியவள். பல வருடமாக யாரும் பேசாமல் விட்ட அந்தக் கணக்குதான் கல்யாணத்தில் வந்து வெடிக்கிறது.

உங்கள் கடிதத்தில் ‘நான் ஒன்றும் சொல்லவில்லை’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இந்த நட்பில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்போதும் நீங்கள்தானா? இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மேக்கப் அக்காவைவிட, மண்டபத்தைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தேதியைப் பொறுத்தவரை, வேண்டுமென்றே செய்தாள் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை, நட்சத்திரம், மாப்பிள்ளை வீட்டு வசதி என்று பார்த்தால் கையில் நிற்பது சில நாட்கள்தான். நம் கல்யாணங்களில் தேதி குறிப்பதில் பெண்ணுக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

அவளை நேரில், தனியாகச் சந்தியுங்கள். போனிலோ குரூப்பிலோ வேண்டாம். "ஏன் அந்தத் தேதியை வைத்தாய்?" என்று ஆரம்பித்தால் அவள் மாமனார் வீட்டுக்காக வாதாட வேண்டிவரும். "என் கழுத்தில் தாலி ஏறும்போது நீ பக்கத்தில் இருக்க மாட்டாய், அது எனக்குத் தாங்கவில்லை" என்று சொல்லுங்கள். அப்புறம் அவளைப் பேசவிடுங்கள். மேக்கப் அக்கா விஷயத்தையும் நேராகவே கேளுங்கள். நீங்கள் பேசி வைத்திருந்தது அவளுக்குத் தெரியுமா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

பெரியம்மாவிடம், "அவள் புடவை விலை எனக்கு வேண்டாம் பெரியம்மா" என்று ஒரு தடவை அன்பாகச் சொல்லிவிடுங்கள். தோழிகளில் யார் யார் பக்கம் என்று தலை எண்ணவும் வேண்டாம். சமவெளியில் ஒரே காலையில் இரண்டு மண்டபம் ஏறி இறங்குவார்கள், சரி. உங்கள் கல்யாணமோ சீசன் நேரத்தில். ஒருவழிப்பாதை போட்டால் மேலே வர பர்லியார், குன்னூர் வழி. கீழே இறங்க கோத்தகிரி வழி. வெளியூர் வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். வராதவர்கள் எல்லாரும் அவள் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தாலி கட்டும் நேரம்தான் மோதுகிறது, அவளுடைய வரவேற்பு அன்று மாலை. நீங்களும் உங்கள் கணவருமாகக் கோத்தகிரி வழியாக இறங்கிப் போய், அவள் மேடையில் சிறிது நேரம் நிற்க முடியுமா? மறுவீடு, சடங்கு என்று அன்றைக்கு ஆயிரம் இருக்கும். அதனால் மாப்பிள்ளையிடம் இப்போதே பேசுங்கள், மாமியார் வீட்டில் அவரே கேட்கட்டும். ஆகாது என்றால் தாலி கட்டி முடிந்ததும் வீடியோ காலில் முதல் ஆளாக அவளைக் கூப்பிடுங்கள். எது முடியும் என்பதை அவளும் நீங்களும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

பேசிப் பார்த்தும் அவள் பிடிகொடுக்காமல் ஒதுங்கினால், அது வேறு விஷயம். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.