ஈஸ்ட்டில் வைரஸ் புரதம்: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

களியக்காவிளை: நிபா பரிசோதனைக்கு வைரஸையே வளர்க்கணுமா சார்?

வேண்டவே வேண்டாம். உயிருள்ள நிபாவைத் தொட நான்காம் நிலைப் பாதுகாப்பு லேப் வேண்டும். நமக்கு அதன் நியூக்ளியோகேப்சிட் புரதம் (வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்திருக்கும் புரதம்) போதும்: 532 அமினோ அமிலம், எடை சுமார் 58 கிலோடால்டன். அந்த ஜீனைச் செயற்கையாகச் செய்து வாங்கி, காலக்டோஸ் சர்க்கரைக்கு இயங்கும் புரமோட்டரோடு (ஜீனை இயக்கும் சுவிட்ச்) ரொட்டி ஈஸ்ட்டில் ஏற்றுங்கள். புரதம் ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு தானாகவே சுருள் இழையாகச் சேரும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மீன்முள் மாதிரி தெரியும். வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸ் மிச்சமிருந்தால் புரமோட்டர் அசையாது.

தக்கலை: பிக்கியாவில் (மெத்தனால் கொடுத்தால் புரதம் செய்யும் ஈஸ்ட்) டெங்கு உறைப் புரதத்தின் மூன்றாம் டொமைனை, அதாவது மூன்றாம் பகுதியைப் போட்டோம். மெத்தனால் ஊற்றியும் ஒன்றும் வரவில்லை.

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். 28 முதல் 30 டிகிரி வேண்டும், 32 தாண்டினால் புரதம் நின்றுவிடும். குளிரூட்டும் வசதியில்லாத ஷேக்கர் (ஃபிளாஸ்க்கைக் குலுக்கும் கருவி) அறையைவிடச் சூடாகத்தான் ஓடும். நம்மூர் ஏப்ரலில் அது ஆகாது. அடுத்தது, முதலில் செல்லை வளர்த்த ஊடகத்தின் கிளிசரால்; அது மிச்சமிருந்தால் மெத்தனாலுக்குப் புரமோட்டர் அசையாது. செல்லை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, பழைய ஊடகத்தை முழுதும் கொட்டிவிட்டு, புதியதில் ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 1 ஆகக் கலக்குங்கள். ஃபிளாஸ்க்கில் கால்பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்று கிடைக்காது. 100 மில்லிக்கு 0.5 மில்லி மெத்தனால், 24 மணிக்கு ஒருமுறை, மூன்று நாலு நாள். ஆவியாகிப் போவதால் தினமும் ஊற்றியே ஆகணும்.

நாகர்கோவில்: ஈஸ்ட்டில் செய்த டெங்குவின் என்.எஸ்.1 புரதம், அளவு பார்க்கும் ஜெல்லில் கோடாக வராமல் இழுபட்டு நிற்கிறதே?

ஈஸ்ட் ஒட்டிய மேனோஸ் சர்க்கரை அது. என்.எஸ்.1இல் 130, 207ஆம் அமினோ அமிலம் என இரண்டு இடத்தில் ஒட்டும். கொதிக்க வைத்த மாதிரியில் அந்தச் சர்க்கரையை வெட்டும் எண்டோ ஹெச் நொதியைச் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஓட்டுங்கள். இழுபட்டது ஒரே கோடாகக் கீழே இறங்கினால் புரதம் சரி.

மார்த்தாண்டம்: எலைசாவில் (தட்டுக் குழியில் பூசிய புரதத்தை ஆன்டிபாடி பிடித்தால் மஞ்சளாகும் சோதனை) நோயில்லாதவர் சீரமும், அதாவது ரத்தத் தெளிநீரும், மஞ்சளாகுது அண்ணே.

எல்லாரும் இடறுவது இங்கேதான். அந்த மஞ்சளை வைத்து யாருக்கும் 'பாசிட்டிவ்' என்று எழுதிவிடாதீர்கள். பலர் குடலில் காண்டிடா ஈஸ்ட் உண்டு, அதனால் ஈஸ்ட் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி நோயில்லாதவரிடமும் இருக்கும். உங்கள் புரதத்தோடு வந்த துளி ஈஸ்ட் கசடே அதைப் பிடிக்கப் போதும். ஜீன் இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றிய ஈஸ்ட்டை அதே முறையில் வளர்த்து, உடைத்து, சுத்திகரித்து, பக்கத்துக் குழியில் பூசுங்கள். இரண்டு குழியும் ஒரே மஞ்சளானால் சீரம் பிடித்தது ஈஸ்ட்டை, வைரஸ் புரதத்தை அல்ல. சீரத்தை 100 மடங்கு நீர்க்கும்போது அந்த வெற்று ஈஸ்ட் சாற்றையும் சேர்த்து அரை மணி வைத்தால், வேண்டாத ஆன்டிபாடி அதிலேயே ஒட்டித் தீர்ந்துவிடும். அப்புறமும் மஞ்சள் குறையாவிட்டால் புரதத்தை இன்னொரு தடவை சுத்திகரியுங்கள்.