ரொறன்ரோவிலிருந்து வந்த கோட்லஸ் தொலைபேசிக்குக் ‘கடதாசி’ எடுக்கலாமா?

விசுவமடு வாசகி ஒருவரின் கேள்வி இது. ரொறன்ரோவில் வசிக்கும் தங்கை அனுப்பிய கோட்லஸ் தொலைபேசியை வீட்டு இணைப்பில் பொருத்திய நாள் முதல், பக்கத்து வளவுக்காரரின் கைத்தொலைபேசியில் அழைப்புகள் அறுந்துபோகின்றனவாம். இவர்களுடைய கைத்தொலைபேசிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் குறிப்பில் ‘குறுக்கீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று இருப்பதாக மகன் வாசித்துச் சொல்கிறார். கிளிநொச்சியில் ஒருவர், பணம் தந்தால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக் கடதாசி எடுத்துத் தருவதாகக் கூறுகிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். தொலைபேசியின் தளப்பெட்டியை, அதாவது கம்பி இணைப்பில் பொருத்திய பெட்டியை, இன்றே மின்சாரத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

வட அமெரிக்காவில் ‘டெக்ட் 6.0’ என்ற பெயரில் விற்கப்படும் கோட்லஸ் தொலைபேசிகள் 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இயங்குகின்றன. அங்கே அந்த இடம் இத்தகைய வீட்டுக் கருவிகளுக்காக விடப்பட்டிருக்கிறது. இலங்கையில் 1920 முதல் 1980 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி, கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசுவதற்கு உரியது. தொலைவிலுள்ள கைத்தொலைபேசியின் மெல்லிய அலையைக் கோபுரம் கேட்க முயலும் அதே இடத்தில் உங்கள் தளப்பெட்டி அலையை வெளிவிடுகிறது. நீங்கள் பேசாத நேரத்திலும் அது ஓய்வதில்லை. அந்தப் பகுதி நிறுவனங்களுக்கிடையே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அயலவரின் சிம் தடுமாற உங்களுடையது தப்பியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை.

குறிப்பிலுள்ள வாசகத்தை மகன் சரியாகவே வாசித்திருக்கிறார். ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் அயலவர் அல்லர், நீங்கள். அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு விதிகளின் 15ஆம் பகுதி இத்தகைய கருவிகளுக்கு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது: கருவி பிறருக்குத் தீங்கான குறுக்கீட்டை உண்டாக்கக் கூடாது, பிறரிடமிருந்து வரும் குறுக்கீட்டை அது தாங்கிக்கொள்ள வேண்டும். கனடாவின் விதியும் இதையே சொல்கிறது. எப்படியும் கருவியிலுள்ள அந்நாடுகளின் அங்கீகார முத்திரைகள் எதற்கும் இலங்கையில் பெறுமதி இல்லை. இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமே செல்லும். அதன் கீழ், அனுமதியில்லாத அலைக்கருவியைப் பாவிப்பது குற்றம்.

இனி அந்தக் கடதாசிக்காரர். இலங்கை ஆணைக்குழு வழங்கும் வகை அங்கீகாரம் கருவியின் மாதிரிக்கு உரியது. உங்கள் வீட்டிலுள்ள ஒரு தொலைபேசிக்குப் பெயர் எழுதி வாங்கும் பத்திரம் அன்று. கைத்தொலைபேசி நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்ட அலைவரிசையில் இயங்கும் கருவிக்கு அந்த அங்கீகாரத்தை எந்தத் தரகராலும் எடுத்துத்தர முடியாது. 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துவிட்டதாக யாராவது காட்டினாலும் நம்பாதீர்கள்: அது கைத்தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாளமான ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைச் சரிபார்க்கும் வழி, கோட்லஸ் தொலைபேசிக்கு அப்படியொரு இலக்கமே கிடையாது. அடப்டரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பவர் இன்னொரு வகை. கனடாவின் 120 வோல்ற்று அடப்டரை எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் எரியும் என்பது உண்மை. மாற்றினால் மின்சாரம் பொருந்தும், அலைவரிசை மாறாது.

இத்தரகர்கள் பிழைப்பதற்கு இடம்விட்டிருப்பது யார் என்பதையும் சொல்ல வேண்டும். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுத் தெளிவதற்கு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஆணைக்குழு இருக்கும் கொழும்பு எல்விட்டிகல மாவத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்றால், வன்னியில் ஒருவர் பேருந்து நிலையத்தருகே நிற்பவரை நம்புவதில் வியப்பில்லை. வெளிநாட்டுப் பொதிகள் குவியும் மாவட்டங்களில், எதை அனுப்பக்கூடாது என்று தமிழில் ஓர் அறிவித்தலை ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்?

இலண்டனிலிருந்து வந்த தொலைபேசியும் இப்படித்தானா என்று அடுத்து கேட்பீர்கள். அது வேறு. ஐரோப்பிய டெக்ட் தொலைபேசிகள் 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரை இயங்குபவை. கோபுரத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு பாதை 1880இல் முடிகிறது. நான் மேலே சொன்ன பாதை 1920இல்தான் தொடங்குகிறது. இவை இரண்டுக்கும் நடுவில் ஐரோப்பியக் கருவி ஒருவரையும் மிதிக்காமல் நிற்கிறது. மின்சாரமும் அங்கே 230 வோல்ற்றுத்தான். ஆகவே அயலவருக்கு இடைஞ்சல் வராது. அதற்காக அனுமதி தேவையில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்; மாதிரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை அதற்கும் பார்க்கத்தான் வேண்டும். பெட்டியில் ‘டெக்ட்’ என்று மட்டும் இருக்கிறதா, பக்கத்தில் ‘6.0’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்களுக்கு வீட்டுக்குள் பேச ஒரு தொலைபேசி போதுமென்றால், உள்ளூரில் பற்றுச்சீட்டுடன் ஒரு கம்பித் தொலைபேசியை வாங்குங்கள். செம்புக்கம்பி இணைப்பில் அது மின்வெட்டிலும் வேலை செய்யும். அலைவரிசைத் தொல்லை எதுவும் இல்லை. இதற்கிடையில் அயலவரின் சிக்னலைத் திருத்துவதாகச் சொல்லி அதே ஆள் ஒரு பூஸ்டரை விற்க வருவார். அதை வாங்க வேண்டாம் என்று அயலவரிடம் சொல்லுங்கள். அனுமதியில்லாத பூஸ்டர் ஒன்று ஒரு வளவை விட்டு ஊரையே குழப்பக்கூடியது; கூரைக்கு மேல் புதிய அன்ரனா ஒன்று எழுந்தால் வன்னியில் யார் யார் விசாரிக்க வருவார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தளப்பெட்டியைக் கழற்றிய பிறகும் அயலவருடைய அழைப்புகள் அறுந்தால், அறுந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு அவர் தமது சிம் நிறுவனத்திடம் முறையிடட்டும்.